வேர்முடிச்சும் உவர்நிலமும்

சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பர் அறிஞர் சிலர். தமிழ் பயிலும் எம்மை அவ்வூர்க்கு ஈர்த்தது அதுவே. ஆயினும் யாம் ஆண்டிருந்து மனத்திற்கொண்டு மீண்டது பாட்டன்று. ஆட்டுத் தீவனக் கவலை. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்பு விளைவு நின்றுவிடும். அம்மாதங்களில் உப்பளத் தொழிலாளர் சிலருக்கு ஆடும் மாடுமே கைப்பொருள்.

அவற்றுக்குப் பயறினத் தீவனம் விதைக்கலாம் என்றும், விதையோடு ரைசோபியம் என்னும் நுண்ணுயிர்ப் பொட்டலத்தைக் கலந்தால் காற்றிலுள்ள நைட்ரஜனே தழைச்சத்தாகும் என்றும் கூறுகின்றனர். அது பொய்யன்று. 1886-இல் ஜெர்மனியில் ஹெல்ரீகல் என்பார் இவ்வுண்மையை வெளியிட்டார்; 1888-இல் ஒல்லாந்தரான பெயரிங்க் அந்நுண்ணுயிரை வேர்முடிச்சினின்று பிரித்தெடுத்தார். எம் வினா வேறு. அப்பொட்டலம் உவர்நிலத்தில் தன் வேலையைச் செய்யுமா?

நுண்ணுயிர் பெரும்பாலும் செடியைக் காட்டிலும் மிகுதியாக உப்பைப் பொறுக்கும். முதலில் தளர்வது செடியின் வேரே. உப்பு மிகின் வேர்த்தூவிகள் நுண்ணுயிரை உள்ளேற்பது குறையும், முடிச்சும் அருகும். ஆகவே பொட்டலத்திற்கு முன்னே செடியைத் தேர்தல் வேண்டும். உவரைத் தாங்கும் தக்கைப்பூண்டு ஈண்டுப் பொருந்தும். ஆடுகள் அதன் தழையைத் தின்னும். தட்டைப்பயற்றை மழை உப்பைக் கழுவிய பின்னர் மேட்டுப்பாங்கில் விதைக்கலாம்; அதற்கேற்ற நுண்ணுயிர் நம் மண்ணில் பெரும்பாலும் முன்னரே உண்டு. குதிரைமசாலுக்கோ தனியினம் வேண்டும். தட்டைப்பயற்றுப் பொட்டலம் அதற்கு உதவாது. பயறுவகைக்கு என்று மட்டும் சொல்லி ஒரே பொட்டலத்தை எல்லார்க்கும் நீட்டுவது, எந்நோய்க்கும் ஒரே சூரணம் கொடுக்கும் வைத்தியத்தை ஒக்கும்.

மேலும், இது யூரியா மூட்டைபோற் கிடந்து கெடாதிருக்கும் பொருளன்று; உயிருள்ளது. ஆறிய சோற்றுக்கஞ்சியிற் கலந்து விதையிற் பூசி, நிழலில் உலர்த்தி, ஒரு நாளைக்குள் விதைத்தல் முறை. யாம் சென்ற வீடொன்றில் அப்பொட்டலம் கூரைமேல் வெயிலிற் கிடந்தது. அவ்வீட்டு அம்மையாரைக் குறைகூறோம். கொடுத்தவர் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

விதைத்து ஆறு வாரம் சென்றபின் ஒரு செடியை மண்ணோடு தோண்டியெடுத்து, வேர்முடிச்சை நகத்தாற் கிள்ளிப் பார்த்தால் போதும். உள்ளே செந்நிறமாயின் அது உழைக்கின்றது. வெளிறியோ பசுமையாகவோ இருப்பின் பயனில்லை. அச்செந்நிறம் நம் குருதிச் செம்மைக்கு உறவான ஒரு பொருளால் வருவதாம். தாவரநூல் பயிலும் நண்பர் சொல்லக் கேட்டு வியந்தோம்.

கொடுத்த பொட்டலங்களை எண்ணிக் கணக்கெழுதுவோர் சிவந்த முடிச்சுகளையும் எண்ணட்டும். அதற்கு ஆள் வேண்டின், ஐப்பசியில் விதைத்தவற்றைக் கிறிஸ்துமஸ் விடுமுறையிற் சென்று தோண்டிப் பார்க்க யாம் ஆயத்தமாயுள்ளோம்.