கோபத்தை விழுங்க வேண்டாம்

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. இறந்தவர்களில் பலர் தலித் கூலித் தொழிலாளர்கள். 'ஏன் குடித்தார்கள்?' என்று ஊரே கேட்டது. 'அவர்கள் அப்படித்தான்' என்ற பதிலும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது.

குடி எல்லாத் தெருவிலும் இருக்கிறது. ஊர்த்தெருவில் குடிப்பவர் நோயாளி. காலனியில் குடிப்பவர் மட்டும் தன் சாதிக்கே உதாரணமாக்கப்படுகிறார்.

கழிவுநீர்த் தொட்டியில் இறங்குபவர் நாற்றத்தைத் தாங்கவே குடிப்பதாகச் சொல்கிறார். தன் மகன் வயதுள்ளவன் 'வாடா, போடா' என்றாலும் பதில் பேச முடியாது. பேசினால் நாளை வேலை இல்லை. விழுங்கிய அந்தக் கோபம் எங்கே போகும்? மாலையில் மதுக்கடைக்குப் போகிறது. இரவில் வீட்டுக்கு வருகிறது. அப்பாவின் காலடிச் சத்தத்தை வைத்தே அந்த இரவு எப்படிப் போகும் என்று பிள்ளை கணிக்கிறது. பயத்தை விழுங்க அதுவும் பழகிக்கொள்கிறது.

இப்படிச் சொல்வதால் மனைவியை அடிப்பவரை நாம் நியாயப்படுத்தவில்லை. அடிபடும் பெண்ணுக்கு முதல் தேவை பாதுகாப்பு. உதவிக்கு 181-ஐ அழைக்கலாம்.

பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே சத்தியம் வாங்குவதற்கு முன் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்வோம்.

மருந்து உடலைத் தேற்றும். மனதை ஆளப் பழகுவது அடுத்த வேலை. குடிக்கத் தோன்றும் உந்துதல் அலைபோல எழும். சற்றுப் பொறுத்தால் அடங்கும். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் அதை எழுப்பும். நேரத்துக்குச் சாப்பாடு, நம்பிப் பேச ஓர் ஆள், 'இன்னிக்கு என்ன நடந்துச்சுப்பா?' என்று ஒரு கேள்வி, இவை அந்த நேரத்தைக் கடக்க உதவும். நடுவில் ஒருநாள் தவறினால், 'உன் புத்தி இவ்வளவுதான்' என்று சொல்லாமல் மீண்டும் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

இந்தச் சுமை முழுவதையும் வீட்டுப் பெண்கள் தலையில் வைக்க முடியாது. மதுக்கடை எட்டும் தூரத்தில் இருக்கிறது. மனநல ஆலோசகரைப் பார்க்க மாவட்டத் தலைநகருக்கு பஸ் ஏற வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரம் ஒருநாளாவது குடிநோய் ஆலோசனை நடக்க வேண்டும் என்று நாம் கோருகிறோம்.

கோபத்தை ஆள்வது என்றால் அவமானத்தைப் பொறுத்துப் போவது என்று பொருளல்ல. பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அப்பாவின் கோபத்தைப் புகார் மனுவாக எழுத, படிக்கும் பிள்ளைகள் துணை நிற்கட்டும். அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் காவல் நிலையம். மதுக்கடை அல்ல, வீடும் அல்ல.