கடை உங்களுடையது, கூகுள் சாவி யாரிடம்?

மாலை 4 மணி. கடையில் ஈ ஓட்டிக் கொண்டிருக்கிற நேரம். போன் அடிக்கிறது.

"சார், கூகுள்ல இருந்து பேசுறோம். உங்க கடை நாலாவது பக்கத்துல கிடக்குது. மாசம் 6 ஆயிரம் கொடுங்க. முப்பதே நாள்ல முதல் இடத்துக்குக் கொண்டு வந்துடுறோம்!"

சென்னையில் கடை வைத்திருக்கிறவர்களுக்கு இந்தக் குரல் புதிதல்ல. சிலர் பட்டென்று போனை வைத்து விடுகிறார்கள். சிலர் மயங்கி விடுகிறார்கள். மயங்குகிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு காலத்தில் வீட்டு மிக்சி கெட்டுப் போனால் பக்கத்து வீட்டு மாமியைக் கேட்பார்கள். இன்று கைபேசியைக் கேட்கிறார்கள். அதில் பெயர் வராத கடை, பட்டப்பகலில் ஷட்டரை இறக்கி வைத்த கடை மாதிரிதான்.

ஆகவே, காசு கொடுத்து ஆள் வைத்தாவது கடையை மேலே கொண்டு வர வேண்டும் என்று ஒரு வியாபாரி நினைப்பதில் தப்பில்லை. 'எஸ்.இ.ஓ.' என்று அந்த வேலைக்குப் பெயர். தேடுகிறவர் கண்ணில் கடை முன்னால் படும்படி செய்து கொடுக்கிற வேலை. நியாயமான தொழில்தான். அதை யாரிடம் ஒப்படைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

அந்தப் போனையே எடுத்துக் கொள்ளுங்கள். "கூகுள்ல இருந்து பேசுறோம், மாசம் 6 ஆயிரம்" என்று சொன்ன இடத்திலேயே சாயம் வெளுத்து விட்டது. கூகுள் மேப்பில் கடையைச் சேர்க்கக் கட்டணம் கிடையாது. பணம் கட்டி அந்த வரிசையில் மேலே ஏறவும் வழி கிடையாது. கூகுள் கம்பெனியே இதை எழுதி வைத்திருக்கிறது. முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது, அப்படிச் சொல்கிறவர்களிடம் உஷாராக இருங்கள் என்றும் அதே கம்பெனி எச்சரிக்கிறது. 30 நாள் கணக்கும் அப்படித்தான். இந்த வேலைக்குப் பலன் தெரிய 4 மாதம் முதல் ஒரு வருஷம் வரை ஆகும் என்பது கூகுள் சொல்கிற கெடு.

விளம்பரம் என்பது வேறு சங்கதி. அதற்குப் பணம் கட்டினால் மேலே வரும். ஆனால் 'ஸ்பான்சர்டு' என்று சீட்டு ஒட்டித்தான் வரும். பணம் நின்ற அன்றே அதுவும் நின்று விடும். விளம்பரத்தில் வந்த இடத்தைக் காட்டி "பார்த்தீங்களா, கொண்டு வந்துட்டோம்" என்று மார்தட்டுகிற ஆசாமிகள் உண்டு.

கல்லாப் பெட்டி வித்தை

மேப்பில் எந்தக் கடையை முதலில் காட்டுவது என்பதற்குக் கூகுள் மூன்று கணக்குப் பார்க்கிறது. கேட்ட பொருளுக்கும் கடைக்கும் பொருத்தம் இருக்கிறதா? தேடுகிறவருக்கும் கடைக்கும் எவ்வளவு தூரம்? கடைக்கு வெளியில் எவ்வளவு பெயர் இருக்கிறது?

நடுவில் இருக்கிற தூரக் கணக்கில்தான் வேடிக்கை.

ஏஜெண்ட் கடைக்கு வருகிறார். கல்லா பக்கத்தில் நின்று கொள்கிறார். தன் போனை எடுத்து 'மிக்சி ரிப்பேர்' என்று தட்டுகிறார். முதல் ஆளாக அந்தக் கடையே வந்து நிற்கிறது! முதலாளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "டீ சொல்லுப்பா" என்கிறார்.

வராமல் என்ன செய்யும்? போன் கடைக்குள்ளே அல்லவா இருக்கிறது! பக்கத்தில் இருக்கிற கடையைத்தான் அது முதலில் காட்டப் பார்க்கும். புரசைவாக்கத்துக் கடையைத் தாம்பரத்தில் நின்று தேடினால் அதுவா முதலில் வரும்? தாம்பரம்வாசி மிக்சியைத் தூக்கிக் கொண்டு மின்சார ரெயிலில் ஏறி வரப் போவதுமில்லை. ஆகவே "சென்னை பூராவும் முதல் இடம்" என்ற பேச்சு வெறும் காற்று. அயனாவரத்தில் இருக்கிற மச்சானையும், பெரம்பூரில் இருக்கிற வாடிக்கைக்காரரையும் அவரவர் வீட்டில் இருந்தே தேடிப் பார்க்கச் சொன்னால் நிஜம் தெரிந்து விடும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

இன்னொரு வித்தையும் இருக்கிறது. கடைப் பெயரையே தட்டித் தேடிக் காட்டுவது. சொந்தப் பெயரைக் கேட்டால் சொந்தக் கடை வராமல் பக்கத்துக் கடையா வரும்? பெயர் தெரிந்தவர் எப்படியும் வந்து விடுவார். பெயர் தெரியாதவர் என்ன வார்த்தை தட்டுகிறார், அப்போது கடை வருகிறதா என்பதுதான் கேள்வி.

இப்போது "ஏ.ஐ.-யில் முதல் இடம்" என்று புதுச் சரக்கு கிளம்பியிருக்கிறது. 2024 ஆகஸ்டு முதல் இந்தியாவிலும் கூகுள் தேடலில் ஏ.ஐ. எழுதிய சுருக்கம் மேலே வருகிறது. அதிலும் யாருக்கும் ரிசர்வேஷன் கிடையாது.

ஒரே ராத்திரியில் 50 பாராட்டு

அவசரக்கார ஏஜெண்டுகள் செய்கிற வேலை இது. கடை வாசலைக்கூட மிதிக்காத 50 பேர் ஒரே ராத்திரியில் "சூப்பர் சர்வீஸ்" என்று 5 நட்சத்திரம் போடுகிறார்கள். காலையில் பார்த்தால் முதலாளிக்கு ஜில்லென்று இருக்கும். கூகுள் கண்டுபிடித்தால் அத்தனையும் போய் விடும். அதோடு விடுவதில்லை. கொஞ்ச காலத்துக்குப் புதிய பாராட்டே ஏறாமல் தடுத்து வைக்கலாம். போலிப் பாராட்டுகள் நீக்கப்பட்டன என்று கடைப் பெயர் பக்கத்திலேயே தண்டோரா போடலாம். நிஜமான வாடிக்கைக்காரர் ஆசையாக எழுதிய நாலு வரியும் சந்தேகத்துக்கு ஆளாகிறது. அந்த மானக்கேடு ஏஜெண்டுக்கு அல்ல, கடைக்கு. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனமே இந்த ஆன்லைன் விமர்சனங்களுக்கு என்று 'ஐ.எஸ். 19000' என்ற தர விதியைக் கொண்டு வந்தது என்றால் தொல்லை எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்று பார்த்துக் கொள்ளலாம்.

பெயரில் விளையாடுவதும் இதே ரகம். வாசல் போர்டில் ஒரு பெயர் இருக்கும். மேப்பில் அதோடு 'பெஸ்ட், சீப், சென்னை நம்பர் ஒன், மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின்' என்று வால் நீண்டு கொண்டே போகும். போர்டில் உள்ள பெயர்தான் மேப்பிலும் இருக்க வேண்டும் என்பது விதி. மீறினால் கடை மேப்பிலிருந்தே காணாமல் போகலாம். அன்றைக்கு ஏஜெண்ட் போனை எடுக்க மாட்டார்.

நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் விலையை முதலில் சொல்ல மாட்டார். கேள்வி கேட்பார். "அண்ணே, எந்த வேலையில உங்களுக்கு நாலு காசு நிக்குது? வீட்டுக்குப் போயும் ரிப்பேர் பண்றீங்களா? எந்தத் தெரு வரைக்கும்? ஞாயிற்றுக்கிழமை உண்டா? கஸ்டமர் வந்தா என்ன வார்த்தை சொல்லிக் கேக்குறாங்க?" என்று துளைத்து எடுப்பார். கடைசிக் கேள்வி முக்கியம். ஒருவர் இங்கிலீஷ் எழுத்தில் தட்டுகிறார். இன்னொருவர் போனிடம் தமிழில் பேசியே கேட்கிறார். 'சர்வீஸ் சென்டர்' என்கிறவரும் உண்டு, 'மிக்சி ஜார் பிளேடு மாத்துற கடை' என்கிறவரும் உண்டு. கடையில் நிற்காதவருக்கு இது எப்படித் தெரியும்?

மாதக் கடைசியில் அவர் கலர் கலராகக் கோடு போட்ட காகிதம் காட்டினால் போதாது. மேப்பைப் பார்த்து எத்தனை பேர் போன் செய்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்ற கணக்கைக் கூகுளே இலவசமாகத் தருகிறது. அதைக் காட்ட வேண்டும். அதை விடப் பலமான கணக்கு கல்லா பக்கத்து நோட்டு. வருகிறவரிடம் "எப்படிங்க நம்ம கடை தெரியும்?" என்று கேட்டு ஒரு கோடு போட்டு வைத்தால் மூன்று மாதத்தில் குட்டு வெளிப்பட்டு விடும்.

ஏஜெண்டுகள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. "நாலு மாசம் ஆகும்" என்று உண்மை சொல்கிறவரை வியாபாரி வாசலோடு அனுப்பி விடுகிறார். "முப்பது நாள்" என்று அளக்கிறவருக்கு அட்வான்ஸ் கொடுக்கிறார். மாதம் 1,500 ரூபாய்க்குப் பேரம் பேசி முடித்து விட்டு, போட்டோ எடுக்க வந்த பையனிடம் "இப்ப நேரமில்லை, அப்புறம் வா" என்கிறார். கடை திறக்கிற நேரம் மாறினால் சொல்வதில்லை. அதன் பிறகு ஏஜெண்டைத் திட்டி என்ன பிரயோஜனம்?

எல்லாக் கடைக்கும் ஏஜெண்ட் தேவையும் இல்லை. பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கிற டீக்கடையை யார் கூகுளில் தேடப் போகிறார்கள்? சின்னக் கடையாக இருந்தால் பெயர், போன் நம்பர், நேரம், நாலு நல்ல போட்டோ இவற்றைக் காலேஜ் போகிற மகளே ஒரு சாயங்காலத்தில் ஏற்றி விடுவாள். அதற்கு மேல் வேண்டும் என்கிறபோது ஆள் தேடினால் போதும்.

யார் பெயரில்?

இத்தனையும் ஒரு பக்கம். எல்லாவற்றிலும் பெரிய கண்டம் வேறு இருக்கிறது.

புரசைவாக்கத்தில் ஒரு மிக்சி ரிப்பேர்காரர் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஏஜெண்ட் வந்தார். மேப்பில் கடையைப் பதிவு செய்தார். யாருடைய ஜிமெயிலில்? தன்னுடையதில்! "அண்ணே, உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்றார். இவரும் வெள்ளந்தியாகப் படித்துக் காட்டினார். முடிந்தது கதை. மூன்று வருஷம் உழைத்து, வாடிக்கைக்காரர்கள் மனசார எழுதிய நல்ல வார்த்தைகள் சேர்ந்தன. எல்லாம் ஏஜெண்டின் பெட்டிக்குள் கிடக்கின்றன.

ஒரு நாள் "இனி வேண்டாம்பா" என்று பணத்தை நிறுத்துகிறார். மறு வாரம் மேப்பில் உள்ள போன் நம்பர் மாறியிருக்கிறது. கடைக்கு வர வேண்டிய போன் எங்கோ அடிக்கிறது. அல்லது 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று சிவப்பு எழுத்து. கடையோ பளிச்சென்று லைட் போட்டுத் திறந்திருக்கிறது!

வாடகைக் கடையில்கூட சாவி கடைக்காரர் இடுப்பில்தான் இருக்கும். இங்கே சொந்தக் கடையின் சாவி ஏஜெண்ட் பையில் இருக்கிறது. ஆகவே ஏஜெண்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை நாள்ல?" என்பதல்ல. "யார் பேர்ல?" என்பதுதான். பதிவு கடைக்காரரின் சொந்த ஜிமெயிலில், அவரே 'ஓனர்' என்று இருக்க வேண்டும். ஏஜெண்டுக்கு 'மேனேஜர்' என்ற அனுமதி கொடுத்தால் போதும். பாஸ்வேர்டு கொடுக்கத் தேவையே இல்லை. மேனேஜர் வேலை பார்க்கலாம். ஓனரை வெளியே தள்ள முடியாது. கணக்கு முடிந்தால் ஓனர் ஒரு நிமிஷத்தில் அவரை நீக்கி விடலாம். வெப்சைட் முகவரிக்கும் இதே கதைதான். வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்கிற அந்தப் பதிவு ஏஜெண்ட் பெயரில் இருந்தால், கடைப் பெயரையே அடமானம் வைத்த மாதிரி. இதைக் கேட்டதும் "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம், உங்களுக்கு எதுக்குண்ணே தலைவலி" என்று ஒருவர் மழுப்பினால், அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி விடலாம்.

ஏற்கனவே சாவியைப் பறிகொடுத்தவர்களுக்கும் வழி அடைபட்டு விடவில்லை. மேப்பில் அந்தக் கடையைத் திறந்து, உரிமை கேட்டுக் கூகுளுக்கு விண்ணப்பிக்கலாம். இப்போது வைத்திருக்கிறவருக்குச் சில நாள் அவகாசம் கொடுப்பார்கள். அவர் வாய் திறக்காவிட்டால், கடை தன்னுடையதுதான் என்று நிரூபிக்க இவருக்கு வாய்ப்பு வரலாம். கைபேசியில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள். தெரு தெரிய வேண்டும், வாசல் போர்டு தெரிய வேண்டும், உள்ளே இருக்கிற சாமான்கள் தெரிய வேண்டும். கடை இவர் கையில்தான் இருக்கிறது என்பதற்கும் அத்தாட்சி வேண்டும். புரசைவாக்கத்துக்காரர் இடுப்புச் சாவியை எடுத்து, குனிந்து, பூட்டில் போட்டு, ஷட்டரைத் தூக்கிக் காட்டினால் அதுவே அத்தாட்சி.