தலையெழுத்தும் கிழித்தெறியப்படும் நகலும்

"எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லிக்கொண்டு கிடந்த நம் ஜனங்களில் சிலர், கொஞ்சம் படித்தவுடன், "எல்லாம் ஜீன்" என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். எழுதினவனுடைய பெயர் மாறியிருக்கிறதே ஒழிய, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் புத்தி மாறவில்லை. முன்பு பிரம்மா மண்டையோட்டில் எழுதினான் என்றார்கள். இப்போது இயற்கை செல்லுக்குள் எழுதிவிட்டது, இனி யார் என்ன செய்ய முடியும் என்கிறார்கள். அந்தச் செல்லுக்குள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கவனித்தால் இந்த வாதம் ஒரு நிமிஷமும் நிற்காது என்பதை எடுத்துக்காட்டவே இதை எழுதுகிறோம்.

நம் உடம்பிலுள்ள செல்களில் அநேகமாய் எல்லாவற்றிலும் டி.என்.ஏ. என்னும் ஒரே மூலப்பத்திரம்தான் இருக்கிறது. கண்ணிலும் அதுவே, கல்லீரலிலும் அதுவே. ஜில்லாக் கச்சேரியில் ரிக்கார்டு அறையிலுள்ள மூலத்தை வெளியே விடமாட்டார்கள். வேண்டிய பக்கத்துக்கு நகல் எடுத்துத்தான் அனுப்புவார்கள். செல்லும் அப்படியே வேண்டிய ஜீனுக்கு மாத்திரம் நகல் எடுத்து, புரதம் செய்யும் இடத்துக்கு அனுப்புகிறது. அந்த நகலுக்குத்தான் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். இப்படி ஒன்று உண்டென்பதை 1961ல் பிரென்னர், ஜேக்கப், மெசல்சன் முதலானவர்கள் பரீட்சை செய்து காட்டினார்கள்.

நிற்க, நகல் எடுப்பது மாத்திரம் பெரிய காரியமல்ல. அதை எப்போது கிழிப்பது என்பதும் அதே அளவு பெரிய காரியமாகும். கிணறு வெட்டச் சொன்ன உத்தரவை ரத்து செய்யாமல் விட்டால், தண்ணீர் வந்த பிறகும் வெட்டிக்கொண்டேயிருந்து, ஊர் முழுவதும் கிணறாய்ப் போய்விடாதா? ஆகையால் ஒவ்வொரு நகலுக்கும் ஓர் ஆயுள் உண்டு. பாக்டீரியாவில் பெரும்பாலும் சில நிமிஷங்கள்தான். மனித செல்லில் சில நகல்கள் அரை மணிக்குள் தேய்ந்துவிடும். பல நகல்கள் சில மணி நேரம் இருக்கும். ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கான நகலோ ஒரு நாளும் அதற்கு மேலும் இருக்கும்.

கிழிக்கும் வேலையும் ஒழுங்காய் நடக்கிறது. நகலின் முனையில் ஒரு மூடியும், கடைசியில் சுமார் 200 அடினைன்கள் கோத்த ஒரு வாலும் உண்டு. முதலில் வால் தேய்க்கப்படும். பிறகு மூடி கழற்றப்படும். அதன்பின் ஒரு என்சைம் தலைப்பக்கத்திலிருந்து தின்றுகொண்டு போகும். எக்ஸோசோம் என்னும் மற்றொரு கூட்டம் வால்பக்கத்திலிருந்து தின்றுகொண்டு வரும். உதிர்ந்த துண்டுகள் வீண் போவதில்லை. புது நகலுக்கு உதவுகின்றன.

சரி, "இதைக் கிழி, அதை வை" என்று தீர்மானிப்பது யார்? பெரும்பாலும் அப்போதைய நிலைமைதான். இரும்புச் சத்தை எடுத்துக்கொள்ளுவதற்குச் செல்லின் வாசலில் ஒரு புரதம் இருக்கிறது. செல்லில் இரும்பு குறைந்தால், ஒரு காவல் புரதம் அந்த வாசல் புரதத்தின் நகல்மேல் உட்கார்ந்துகொண்டு, வெட்டவிடாமல் காக்கிறது. நகல் நிலைக்கிறது, வாசல் பெருகுகிறது, இரும்பு வருகிறது. போதிய இரும்பு வந்ததும் காவல் விலகுகிறது, நகல் வெட்டப்படுகிறது. மூலத்தில் ஓர் எழுத்தாவது மாறிற்றா? இல்லை. பலன் மாத்திரம் அடியோடு மாறிற்று!

கிழிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். உடம்பில் அழற்சியைக் கிளப்பும் ஒரு புரதத்தின் நகலைச் சீக்கிரம் அழிப்பதற்கு உதவும் ஜீனை எலிகளிடம் நீக்கிப் பார்த்ததில், அவை மெலிந்து, மூட்டு வீங்கி அவதிப்பட்டன என்று 1996ல் வெளியிட்டார்கள்.

இதைவிட முக்கியமானது, பிழையான நகலை ஒழிப்பது. ரத்தச் சோகை உண்டாக்கும் தலசீமியாவின் சில வகைகளில், வாக்கியத்தின் நடுவிலேயே முற்றுப்புள்ளி விழுந்துவிடுகிறது. செல் அதைக் கண்டுபிடித்து அந்த நகலை அழித்துவிடுகிறது. தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து மாத்திரம் குறை வந்தவர், மற்றவர் தந்த நல்ல ஜீனைக்கொண்டு பெரும்பாலும் சுகமாகவே வாழுகிறார். அந்தப் புள்ளி கடைசிப் பகுதியில் விழுந்தாலோ, நகல் தப்பித்துக்கொண்டு, அரைகுறைப் புரதம் சேர்ந்து, அப்படிப்பட்டவரும் நோயாளியாகலாம்.

இருவருமே இந்தக் குறையைச் சுமப்பவர்களானால், ஒவ்வொரு பிள்ளைக்கும் 4ல் 1 பங்கு கடும் நோய் வர இடமுண்டு. அந்தப் பிள்ளை ஆயுள் முழுவதும் பிறர் ரத்தம் ஏற்றிக்கொண்டு வாழவேண்டியதாகும். ஒரு ரத்தப் பரீட்சையில் தெரியக்கூடிய இதைப் பாராமல், பத்துப் பொருத்தம் பார்க்கிற பெற்றோர்களைக் கேட்கிறோம்: ஜாதகக் கட்டத்தில் எந்தக் கிரகம் இதை உங்களுக்குச் சொல்லிற்று? பிறகு பிள்ளை வெளுத்துக் கிடக்கையில் தலையெழுத்து என்று அழுவது யாருடைய குற்றம்?

மற்றொன்று. கோவிட் காலத்தில், தூது ஆர்.என்.ஏ. ஊசி உடம்பிலேயே தங்கி ஜீனை மாற்றிவிடும் என்று பயமுறுத்தினார்கள். ஊசியில் வருவதும் ஒரு நகல்தான். அது ரிக்கார்டு அறைக்குள் போய் மூலத்தைத் திருத்துவதில்லை; வேலை முடிந்து, மற்ற நகல்களைப் போலவே சிதைந்துபோகிறது. அதைச் சாத்தியமாக்கிய காரிக்கோ, வைஸ்மன் இருவருக்கும் 2023ல் நோபல் பரிசு கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், நம் நாட்டில் பெரும்பாலோருக்குப் போடப்பட்டது அந்த வகை ஊசியே அல்ல! போடாத ஊசிக்குப் பயந்தவர்களை என்னவென்று சொல்லுவது?

ஜீனுக்குச் சக்தியே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. மூலத்தில் பிழையிருந்தால் கஷ்டம் உண்டுதான். ஆனால் எழுதப்பட்டதெல்லாம் நடந்தே தீரும் என்பது பொய். கண்ணுக்குத் தெரியாத ஒரு செல், வந்த உத்தரவையெல்லாம் வைத்துக் கும்பிடுவதில்லை. காலம் கடந்ததையும் பிழையானதையும் கிழித்தெறிந்துவிட்டே உயிர் வாழுகிறது. மூளையும் படிப்பும் உள்ள மனிதன் மாத்திரம், யாரோ என்றைக்கோ எழுதினதைக் கட்டிக்கொண்டு ஏன் அழவேண்டும்? ஒவ்வொருவரும் தங்கள் சொந்த அறிவைக்கொண்டே யோசித்துப் பார்த்து, பிள்ளைகளின் கலியாணத்துக்கு முன் ஜோசியனிடம் போவதா, ரத்தப் பரீட்சைக்குப் போவதா என்பதை முடிவு செய்துகொள்ளும்படி வேண்டிக்கொள்ளுகிறோம்.