சில்வர் வேறு... சில்வர்வேர் வேறு!

வில்லியனூர் பக்கம் பொங்கல் விளையாட்டுப் போட்டியில் ஜெயித்தால் பெரும்பாலும் கைக்கு வருவது எவர்சில்வர் குடமோ டிபன் பாக்ஸோதான். தமிழ் வீடுகளில் ‘சில்வர் பாத்திரம்’ என்றாலே எவர்சில்வர். அதனால், ‘அந்த அணி சில்வர்வேர் ஜெயித்து மூன்று வருஷமாச்சு’ என்று இங்கிலீஷ் செய்தியில் படித்ததும் மனசுக்குள் அண்டாவும் குண்டானும் ஓடினால் ஆச்சர்யமில்லை.

பிரிட்டிஷ் விளையாட்டுப் பக்கங்களில் சில்வர்வேர் என்றால் கோப்பை. கோப்பைகளை வெள்ளியில் செய்த காலத்து வார்த்தை. 1871-72-ல் தொடங்கிய எஃப்.ஏ. கால்பந்துப் போட்டியின் முதல் கோப்பை வெள்ளிதான். 1895-ல் பர்மிங்ஹாமில் கடை ஜன்னலில் காட்சிக்கு வைத்திருந்தபோது யாரோ லவட்டிக்கொண்டு போனார்கள். கடைசிவரை கிடைக்கவே இல்லை! இன்றைய ஃபிஃபா உலகக் கோப்பை 18 காரட் தங்கம். அதையும் சில்வர்வேர் என்றே எழுதுகிறார்கள்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நீரஜ் சோப்ரா வாங்கியது சில்வர், அதாவது இரண்டாம் இடம். சில்வர்வேர் என்பது சாம்பியனுக்கு. 2009, 2011, 2016 ஐ.பி.எல். ஃபைனல்களில் தோற்ற ஆர்.சி.பி. ஆண்கள் அணிக்கு அது கிடைக்கவில்லை. 18-வது சீசனில், 2025 ஜூன் 3-ம் தேதிதான் கிடைத்தது. ஒரு ‘வேர்’ விட்டுப்போனால் ஜெயித்தவர் ரன்னர்-அப் ஆகிவிடுவார்.

இலக்கணமும் கொஞ்சம் கறார். ‘எ சில்வர்வேர்’, ‘டூ சில்வர்வேர்ஸ்’ இரண்டுமே தப்பு. ‘ஃபர்னிச்சர்’ மாதிரி எண்ண முடியாத சொல் இது. எண்ணிக்கை வேண்டுமென்றால் ‘டூ பீசஸ் ஆஃப் சில்வர்வேர்’.

அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதும் பிள்ளைகள் ரொம்பவே உஷாராக இருக்க வேண்டும். அங்கே சில்வர்வேர் என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது ஸ்பூன், ஃபோர்க், கத்தி. ‘ஸ்கூலுக்காக சில்வர்வேர் கொண்டுவந்தேன்’ என்று எழுதினால், படிப்பவர் கேன்டீன் வேலை என்று நினைத்துக்கொள்வார். கோப்பை, மெடல்களுக்கு அவர்களின் விளையாட்டு எழுத்தாளர்கள் வைத்திருக்கும் வார்த்தை ‘ஹார்டுவேர்’. (பெயின்ட் கடை ஞாபகம் வந்தால் அதுவும் நியாயம்தான்!) விண்ணப்பம், பயோடேட்டா, பரீட்சைத் தாள் எல்லாவற்றுக்கும் ‘ட்ரோஃபி’ போதும். சில்வர்வேர் தலைப்புக்கும் கமென்ட்ரிக்கும் அழகு.

புதுச்சேரி அணி ரஞ்சிக்குள் வந்தது 2018-19 சீசனில். ரஞ்சி கோப்பை இன்னும் கைக்கு எட்டவில்லை. துத்திப்பட்டு மைதானத்தில் ஆடும் அந்த அணி அதைத் தூக்கும் அன்றைக்கு, ‘எ பீஸ் ஆஃப் சில்வர்வேர் ஃபார் புதுச்சேரி’ என்று தாராளமாகத் தலைப்புப் போடலாம்.