எச்சரிக்கை யாருக்காக எழுதப்பட்டது?

ஈரல் நோய் குடிகாரனின் நோய், அது நம்மை அணுகாது என்று அட்டாளைச்சேனையிலும் பாலமுனையிலும் ஒலுவிலிலும் நம்மவர் இன்னும் எண்ணியிருப்பாராயின், அவ்வெண்ணத்தை இன்றே கைவிடல் வேண்டும். ராகமையில் நடத்தப்பட்டு 2009இல் வெளிவந்த ஆய்வு, வளர்ந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மதுவினால் வராத கொழுப்பு ஈரல் உண்டெனக் காட்டிற்று. அவர்களுட் சிலருக்கேனும் ஈரல் நாளடைவில் சுருங்கும். அத்தகையோர் விழுங்கும் குளிசையின் அளவை நிர்ணயித்தவர் யார்? எவரைப் பரீட்சித்து நிர்ணயித்தார்?

கமக்காரருக்கு இது விளங்காத விடயமன்று. வயலுக்குப் பாயும் நீர் மாறாதிருக்க, வடிச்சல் அடைபட்டால் பயிர் அழுகும். உடலில் நுழையும் மருந்துகள் பலவற்றைச் சிதைத்து வெளியேற்றும் வடிச்சல் ஈரலே. அது கெட்டால், சுகதேகிக்கு மருந்தாகும் அளவு நோயாளிக்கு நஞ்சாகும்.

ஆகவேதான், ஈரலில் தங்கியுள்ள புதிய மருந்துகளை ஈரல் பழுதுற்றோரிலும் தனியே பரீட்சிக்க வேண்டுமென அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2003இல் வழிகாட்டல் வெளியிட்டது. பிலிருபின், அல்புமின், குருதி உறையும் நேரம், வயிற்றில் சேரும் நீர், மூளைத் தடுமாற்றம் ஆகிய ஐந்துக்கும் புள்ளியிட்டு நோயாளரை மூன்று படிகளாக வகுக்கின்றனர். மருந்து கொடுத்தபின் அவர்தம் குருதியில் அது எவ்வளவு நேரம், எவ்வளவு தங்குகிறதென அளக்கின்றனர். இப்பரீட்சைக்கு உடலைக் கொடுப்போர் அதனாற் குணமடைவதில்லை. பின்வருவோர் பிழைக்கட்டும் என்றே கொடுக்கின்றனர்.

அத்தியாகத்தின் பலன் எங்கே போகிறது? ஓர் உண்மையைக் கூறுவோம். ஒபெட்டிகோலிக் அமிலம் என்னும் ஈரல் மருந்து 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஈரல் மிகப் பழுதுற்றோருக்கு வாரம் ஒருமுறை ஐந்து மில்லிகிராமுடன் தொடங்குக என்று அதன் விளக்கத்தாளிலேயே எழுதப்பட்டிருந்தது. எனினும் 2017இல் பத்தொன்பது மரணங்கள் பற்றி அந்நிர்வாகம் அறிவித்தது. மரணகாரணம் தெரிவிக்கப்பட்ட எண்மருள் எழுவர், ஈரல் பழுதுற்றிருந்தும் ஐந்து மில்லிகிராமை நாள்தோறும் பெற்றவர்கள்! 2018இல் அவ்வெச்சரிக்கை கறுப்புக் கட்டமிட்டுப் பொறிக்கப்பட்டது. 2025இல் அம்மருந்து அமெரிக்கச் சந்தையிலிருந்தே மீளப்பெறப்பட்டது.

பரீட்சை நடந்திருந்தது, அளவும் தெரிந்திருந்தது. தாளில் இருந்த வரி நோயாளியை எட்டவில்லை. ஆங்கிலமே தாய்மொழியான நாட்டில் இந்நிலையென்றால், பெட்டியினின்று எண்ணியெடுத்துச் சிறு கடதாசி உறையில் இட்டுத் தரும் குளிசையை வாங்கிச் செல்லும் நம் கமக்காரனை அவ்வரி எங்ஙனம் எட்டும்? விளக்கத்தாளோ கடையிலேயே நின்றுவிடுகிறது. நின்றுவிடாது கைக்கு வந்தாலும் அதன் மொழி பெரும்பாலும் ஆங்கிலமே. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. உயிர்காக்கும் எச்சரிக்கைக்கு மட்டும் அம்மொழி ஆகாதோ?

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையிடம் நாம் கேட்பவை மூன்று. ஒன்று: ஈரல் நோயாளருக்குரிய அளவை ஒவ்வொரு புதிய மருந்தும் தெளிவாகக் கூறல் வேண்டும், பரீட்சிக்கப்படவில்லையெனில் அதனையும் ஒளியாது கூறல் வேண்டும். இரண்டு: அவ்வரி தமிழிலும் சிங்களத்திலும் நோயாளியின் கைக்கே வரல் வேண்டும். மூன்று: நம் மக்களில் மருந்து பரீட்சிக்கப்படுமாயின், சம்மதப் பத்திரம் அவர்தம் மொழியில் இருத்தல் வேண்டும். விளங்காத தாளில் வைத்த கையொப்பம் சம்மதமாகாது.

வைத்தியர்களே, மருந்தாளர்களே! அதிகாரசபை விழிக்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. குளிசையைக் கொடுக்குமுன், "உமது ஈரல் எப்படி?" என்று தமிழில் ஒரு கேள்வி கேளுங்கள். அதற்குச் சட்டமும் வேண்டாம், சுற்றறிக்கையும் வேண்டாம்.