கண்ணாடிச் சிறையும் கண்மூடிய சட்டமும்

"சட்டம் தடுக்கவில்லை, ஆகவே விற்கலாம். விற்கப்படுகின்றது, ஆகவே வாங்கலாம்." வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் நன்னீர்த் திருக்கைகளை வளர்ப்போரும் அவற்றை விற்போரும் தம் செயலுக்குக் காட்டும் நியாயம் இவ்விரு வாக்கியங்களுள் அடங்கிவிடுகின்றது. இந்நியாயத்தை உலகில் வேறு எவர் ஏற்பினும் மலையகத்தார் ஏற்றல் தகாது. சட்டம் ஒன்றைச் செய்ய இடமளித்தது என்பதனால் அச்செயல் அறமாகிவிடாது என்ற உண்மையை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுக்குக் கற்பித்தது. அச்சட்டம் பாராளுமன்றத்தில் முறையாக நிறைவேறியதே. ஆயினும் அதனை நீதி என்று கூறுவார் இன்று இலர். சட்டத்தின் அனுமதியையும் அறத்தின் அனுமதியையும் வேறுபிரித்தறியும் அந்த அறிவு, மனிதர் விடயத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை.

முதலில் அவ்வுயிரின் இயல்பை நோக்குதல் வேண்டும். திருக்கை என்றதும் கடலையும், ஒரு காலத்தில் தண்டனைக் கருவியாகப் பயன்பட்ட திருக்கைவாற் சவுக்கையும் நினைப்பது இலங்கைத் தமிழர் வழக்கம். அலங்கார மீன் கடைகளில் விலைபோவன அவையல்ல. அவை தென்னமெரிக்க ஆறுகளிலே மட்டும் வாழும் 'பொட்டமோத்திரைகன்' என்னும் சாதியைச் சேர்ந்தவை. கரிய உடலில் வெண்புள்ளிகள் பதித்தாற்போன்ற தோற்றமுடைய 'லெயோபோல்டி' என்னும் இனம் பிறேசிலின் சிங்கு ஆற்று வடிநிலத்திற்கு மாத்திரம் உரியது. இவை முட்டையிட்டுப் பெருகுவன அல்ல. ஓர் ஈற்றிற் சில குட்டிகளை மட்டுமே ஈனுவன. ஆயிரக்கணக்கில் முட்டையிடும் மீனினங்களைப் போலப் பிடித்த வேகத்தில் மீண்டும் பெருகிவிட இவற்றால் இயலாது. கடையிற் காணப்படும் குட்டி உள்ளங்கை அளவினது. வளர்ந்தபின் அதன் தட்டின் அகலமே அரை மீற்றரைத் தாண்டக்கூடும். ஆற்றடி மணலிற் புதைந்தும் பரந்த படுகையில் ஊர்ந்தும் வாழ வேண்டிய உயிருக்கு நான்கடிக் கண்ணாடித் தொட்டி எத்தகைய இல்லம் என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை. திரும்புவதற்கே இடமில்லாத அறையில் ஒரு மனிதனை அடைத்துவிட்டு, அவனுக்கு வேளை தவறாமல் உணவளிப்பதாகப் பெருமை பேசுவதற்கு இது ஒப்பாகும். வாலிலுள்ள நச்சு முள் வளர்ப்போனுக்கும் அவன் வீட்டுக் குழந்தைகளுக்கும் ஆபத்தானது என்பது வேறு விடயம்.

இனிச் சட்டம் என்ன சொல்கின்றது? அருகிவரும் காட்டுயிர்களின் சர்வதேச வாணிகத்தை ஒழுங்குபடுத்தும் 'சைட்டிஸ்' சமவாயத்தில் இலங்கை 1979இற் சேர்ந்தது. பிறேசிலும் கொலம்பியாவும் தத்தம் நன்னீர்த் திருக்கைகளை 2017 சனவரியில் அதன் மூன்றாம் அட்டவணையிற் சேர்ப்பித்தன. 2022 நவம்பரிற் பனாமாவில் நடைபெற்ற மாநாடு, லெயோபோல்டி உள்ளிட்ட ஏழு இனங்களை இரண்டாம் அட்டவணைக்கு உயர்த்தியது. இதன் பொருள் விற்பனை முற்றாகத் தடைசெய்யப்பட்டது என்பதன்று. ஏற்றுமதி செய்யும் நாடு, அவ்வுயிர் முறைப்படி பெறப்பட்டது என்றும் அதனை அனுப்புவதால் இனத்தின் நிலைபேற்றுக்குக் கேடு விளையாது என்றும் உறுதிசெய்து பத்திரம் வழங்குதல் வேண்டும் என்பதே இதன் பொருள். இலங்கையிலோ 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்தின்கீழ், உயிர்மீன்களின் ஏற்றுமதி இறக்குமதி பற்றிய விதிகள் 1998இல் ஆக்கப்பட்டன. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் உள்நாட்டு மீனினங்கள் சிலவற்றுக்குக் காப்பளிக்கின்றன.

ஏட்டளவிற் குறைவில்லை. குறை எங்குள்ளதெனின், சைட்டிஸ் நாட்டின் வாயிலில் நிற்கும் காவலன் மாத்திரமே. வாயிலைக் கடந்து கடைத் தொட்டியை அடைந்தபின் அத்திருக்கை எந்த ஆற்றிற் பிறந்தது, எவர் கையால் வந்தது என்பதை வாங்குபவன் வினவுவதில்லை. விற்பவன் காட்டுவதும் இல்லை. இம்மலைநாட்டில் ஒரு தொழிலாளி தன்னை இந்நாட்டவன் என்று நிறுவுவதற்குத் தந்தையின் பிறப்பைக் காட்டும் பத்திரத்தைத் தேடி அலைந்த காலம் இருந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரையில் அவ்வலைச்சல் முற்றாக ஓயவில்லை. மனிதனிடம் அத்துணைப் பத்திரங்களைக் கேட்ட உலகம், பெருந்தொகைப் பணம் கைமாறும் வாணிகத்தில் ஒரேயொரு பத்திரத்தைக் கேட்பதற்குத் தயங்குவது வியப்பே.

இவ்வாணிகத்திற்கு ஆதரவாகக் கூறப்படும் வாதங்கள் மூன்று. அவை இப்போது விற்கப்படும் திருக்கைகள் பண்ணையிற் பிறந்தவை, ஆற்றிற் பிடிக்கப்பட்டவை அல்ல என்பது. வளர்ப்போர் அன்பினாலேயே வளர்க்கின்றனர் என்பது. இதனை நம்பிப் பலர் பிழைக்கின்றனர் என்பது.

முதலாவது வாதத்தில் உண்மையுண்டு. தாய்லாந்து, தாய்வான் முதலிய நாடுகளிற் பண்ணைகள் உள்ளன. ஆயின் பண்ணையின் தாய்மீன்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. தாயகத்திலிருந்து அவை முறையாக வந்தனவா என்ற வினா எஞ்சியே நிற்கின்றது. பண்ணைக் குட்டியையும் ஆற்றுக் குட்டியையும் கண்ணால் நோக்கி வேறுபடுத்த இயலாதவிடத்து, 'பண்ணை' என்ற சொல் கள்ளப் பொருளுக்குப் போர்வையாகவும் பயன்படும். மேலும், பண்ணையிற் பிறந்தமையால் அதன் உடல் சிறுத்துவிடுவதில்லை. தொட்டி சிறிது என்ற குற்றச்சாட்டுக்குப் பண்ணை விடையாகாது.

இரண்டாவது வாதம் அன்பு. அன்பு தன் பொருளின் தேவையை அறிய முயலும். உடைமை உணர்வோ தன் கண்ணின் தேவையை மட்டும் அறியும். குட்டியாக இருக்கையில் விருந்தினருக்குக் காட்டி மகிழ்ந்துவிட்டு, வளர்ந்து தொட்டியில் அடங்காதபோது அருகிலுள்ள ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடுவதையும் அன்பு என்றே கூறுவர். அதன் விளைவு உலகறிந்தது. சிங்கப்பூரின் மேல் செலேத்தர் நீர்த்தேக்கத்திற் தென்னமெரிக்கத் திருக்கைகள் குடிகொண்டு பெருகியுள்ளன. அவை தாமே கடல் கடந்து சென்றவை அல்ல. இலங்கையிலும் 'சித்தலா' எனப்படும் கத்தியுடல் மீனும், கடைகளில் 'டாங்க் கிளீனர்' என்று அழைக்கப்படும் மீனும் அலங்கார வாணிகத்தின் வழியாகவே இயற்கை நீர்நிலைகளைச் சென்றடைந்தன.

இங்குதான் கினிகத்தேனையின் பெயர் முன்வருகின்றது. இச்சிறு நகரம் இரு பெருநதிகளின் நீர்பிரிமேட்டை அண்டியிருப்பது. ஒருபுறம் விழும் மழை கெஹெல்கமு ஓயாவை அடைந்து, அபர்டீன் அருவியாக வீழ்ந்து, களனியாகி மேற்கே செல்கின்றது. நாவலப்பிட்டிப் பக்கம் விழும் மழை மகாவலியிற் சேர்ந்து கிழக்குக் கடலை நாடுகின்றது. இம்மேட்டிலுள்ள ஒரு வீட்டுத் தொட்டியிலிருந்து ஓடையில் விடப்படும் அந்நிய உயிர் இவ்விரு நதிகளுள் எதனையும் சென்றடையலாம். களனி வடிநிலமோ இலங்கையிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத மீன்கள் வாழுமிடம். 1929இல் தெரணியகல விவரித்த செந்நிறத் தித்தெயா, 'புலத்ஹப்பயா' என்று சிங்களத்தில் அழைக்கப்படும் கருவரிக் கெண்டை, 1989இல் கொட்டெலாவும் பெத்தியாகொடவும் விவரித்த அசோகப் பெத்தியா ஆகியன அவற்றுட் சில. விரலளவினவான இவற்றுக்கும் வெளிநாட்டுத் தொட்டிகளில் விலையுண்டு. ஆகவே இம்மண்ணின் மீன் அங்கும் சிங்கு ஆற்று மீன் இங்கும் சிறைப்படுவது ஒரே வாணிகத்தின் இரு முகங்களே.

மூன்றாவது வாதமே மதிப்புடன் ஆராயத்தக்கது. வயிற்றுப்பாட்டை எள்ளி நகையாடும் உரிமை எவருக்கும் இல்லை. ஆயின் இலங்கையின் அலங்கார மீன் ஏற்றுமதியிற் பெரும்பங்கு வகிப்பது வீட்டுக் குளங்களிற் பெருக்கக்கூடிய கப்பி மீனேயன்றித் திருக்கையன்று. திருக்கை விற்பனை நின்றால் ஏழையின் அடுப்பு அணைந்துவிடும் என்பது, செல்வரின் விருப்பத்துக்கு ஏழையின் பெயரைக் கடன்வாங்கும் தந்திரமாகும். உண்மையில் ஏழைக்குக் கிடைப்பது வேறு. ஓடையில் மீன் பிடிக்கும் சிறுவனைச் சட்டம் எளிதிற் பிடித்துவிடும். வரவேற்பறையில் தொட்டியை ஒளியூட்டி வைத்திருப்பவனின் கதவை அது தட்டுவதில்லை.

இவ்வாறு கூறுமிடத்து மீன் பிடிப்போரே அழிவுக்கு முழுக் காரணர் என்று கொள்ளுதலும் பிழையாகும். காட்டை வெட்டிக் கோப்பியும் பின்னர் தேயிலையும் நட்டபோதே ஓடைகளின் நிழல் போயிற்று. சரிவுகளின் மண்ணும் பூச்சிகொல்லி மருந்தும் நீரில் கலந்தன. நோர்ட்டன், காசல்ரீ, மவுசாகலை என அணைகள் எழுந்தன. சிங்கு ஆற்றிலும் இதுவே கதை: 2016இல் இயங்கத் தொடங்கிய பெலோ மொன்டே நீர்மின் திட்டம் லெயோபோல்டியின் வாழ்விடத்தையே மாற்றிவிட்டது. ஆயினும் பெருங்கேடு ஒன்று உண்டென்பது சிறுகேட்டுக்கு உரிமைப் பத்திரமாகாது. வீடு எரிகின்றபோது எஞ்சிய பொருளைத் திருடுவது குற்றமில்லை என்று எவரும் வாதிடார்.

செய்யத்தக்கன யாவை? தோற்றுவாய்ப் பத்திரம் கடை வாயிலோடு நில்லாது, விற்கப்படும் ஒவ்வொரு திருக்கையோடும் வாங்குபவனின் இல்லம் வரை செல்ல வேண்டும். தொட்டியின் அளவுக்குச் சட்டம் எல்லை வகுக்க வேண்டும். வளர்ந்த மீனை மீளப் பெறும் கடப்பாடு விற்றவனுக்கு இருத்தல் வேண்டும். நீர்நிலையில் விடுவது தண்டனைக்குரியதாதல் வேண்டும். பிடித்தவனோடு வாங்கியவனும் விடையளிக்க வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கும் இதிற் பங்குண்டு. தோட்டப் பாடசாலை மாணவர் தம் லயத்தை அடுத்தோடும் ஓடையிலுள்ள மீனின் பெயரைத் தமிழில் அறியும் வண்ணம் ஒரு நூலாவது ஆக்கப்படுதல் வேண்டும். பெயரறியாத உயிருக்காக எவரும் குரல் கொடுப்பதில்லை.

சட்டம் கண்மூடியிருக்கும் இடத்திற் கண்திறந்திருப்பது கற்றோர் கடன். பிறர் வகுத்த வேலிக்குள் நெடுங்காலம் வாழ நேர்ந்த ஒரு சமுதாயத்திற் பிறந்தோர், பிறிதோர் உயிருக்குக் கண்ணாடியால் வேலி கட்டுவதைப் பொழுதுபோக்கு என்று கூறலாகாது.