வர்ணனையிலும் வர்ணமா?

தமிழில் கிரிக்கெட் வர்ணனை கேட்க நமக்கு 2017இல் தனி ஸ்டார் ஸ்போர்ட்ஸ் சேனலே வந்தது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் உழைக்கும் ஜார்க்கண்ட், ஒடிசா ஆதிவாசித் தோழர்களுக்கு? 2023 ஐபிஎல்லை ஜியோசினிமா 12 மொழிகளில் தந்தது. ஒடியா, போஜ்புரி உண்டு. சந்தாலி, முண்டாரி இல்லை. சந்தாலியோ எட்டாவது அட்டவணை மொழி.

1928 ஒலிம்பிக் ஹாக்கி அணியின் கேப்டன் ஜெய்பால் சிங் முண்டா ஓர் ஆதிவாசி. களத்தில் ஆதிவாசி வேண்டும், அவர் மொழி மட்டும் வேண்டாமா?

ஒளிபரப்பு உரிமம் வாங்கும் கம்பெனி விளம்பரம் வரும் மொழியைத்தான் பார்க்கும். ஆனால் 2007 சட்டப்படி, தேசிய முக்கியத்துவமுள்ள போட்டிகளின் சிக்னலைத் தனியார் சேனல்கள் பிரசார் பாரதியோடு பகிர்ந்தாக வேண்டும். அந்தப் பொதுச் சிக்னலில் ஆதிவாசி மொழிகளும் ஒலிக்க வேண்டும் என்று கேட்போம். நமக்குக் கிடைத்த மொழியுரிமை, பக்கத்து லைனில் நிற்பவருக்கும் உரியது.